முத்துலட்சுமி ரெட்டி

முத்துலட்சுமி ரெட்டி (ஜூலை 30, 1886 - ஜூலை 22, 1968) தமிழகத்தைச் சேர்ந்த மருத்துவர், சமூகச் சீர்திருத்தவாதி, பெண்ணுரிமைப் போராளி ஆவார். புதுக்கோட்டையில் பிறந்து, ஆண்கள் மட்டுமே பயின்ற கல்லூரியில் முதல் மாணவியாகச் சேர்ந்து, 1912-ஆம் ஆண்டு சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். பிரித்தானிய இந்தியாவில் சட்டமன்ற உறுப்பினரான முதல் பெண்மணியும் இவரே. சென்னை அடையாறில் உள்ள அவ்வை இல்லமும் புற்றுநோய் மருத்துவமனையும் இவரது முயற்சியால் உருவானவை.

இவரது பொதுவாழ்வு பலராலும் எழுதப்பட்டுள்ளது. பதின்பருவத்தில் இவர் கல்வியைத் தொடர முடிவு செய்ததும், மருத்துவப் படிப்புக்குத் தம்மைத் தயார் செய்துகொண்டதும் அந்தப் பொதுவாழ்வுக்கு அடித்தளமாக அமைந்தன. பிற்காலத்தில் இவர் எடுத்துக்கொண்ட பணிகளில் பலவும், அந்த வயதில் இவரே எதிர்கொண்ட தடைகளை மற்றப் பெண்களுக்கு நீக்கும் நோக்கம் கொண்டவையாக இருந்தன.

காலப் பின்னணி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் காவிரிப் படுகையும் அதையொட்டிய பகுதிகளும் மூன்று வேறு ஆட்சிகளின் கீழ் இருந்தன. தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி மாவட்டங்கள் பிரித்தானியரின் சென்னை மாகாணத்தைச் சேர்ந்தவை. கடற்கரையில் தஞ்சாவூர் மாவட்டத்தால் சூழப்பட்டிருந்த காரைக்கால் பிரெஞ்சு ஆட்சிப் பகுதியாகும். தெற்கே புதுக்கோட்டை, தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட தனி அரசாக விளங்கியது.

இம்மூன்று பகுதிகளில் எதிலும் அக்காலத்தில் மருத்துவக் கல்லூரி இருக்கவில்லை. பிரெஞ்சுப் பகுதியினருக்கெனப் புதுச்சேரியில் ஒரு மருத்துவப் பள்ளி நிறுவப்பட்டிருந்தது. சென்னை மாகாணத்தில் மருத்துவப் பட்டம் பெற விரும்பியவர்கள், 1835-இல் மருத்துவப் பள்ளியாகத் தொடங்கப்பெற்றுப் பின்னர் கல்லூரியாக உயர்ந்த சென்னை மருத்துவக் கல்லூரியையே நாட வேண்டியிருந்தது. பெண்களுக்கான தனி மருத்துவக் கல்வி நிறுவனங்கள் தென்னிந்தியாவில் பின்னரே தோன்றின. அவற்றுள் குறிப்பிடத்தக்கதான வேலூர் மருத்துவப் பள்ளியை ஐடா ஸ்கடர் 1918-இல் தொடங்கினார்.

சென்னை மருத்துவக் கல்லூரி 1875-ஆம் ஆண்டிலேயே மேரி ஷார்லீப் உள்ளிட்ட சில பெண்களைச் சேர்த்துக்கொண்டது. எனினும் இந்து சமூகத்தைச் சேர்ந்த பெண்கள் அங்கு பயில்வது மிக அரிதாகவே இருந்தது. பூப்பெய்திய பெண் பள்ளிக்குச் செல்வதில்லை என்பதும், அவ்வயதுக்கு முன்பாகவே திருமணம் முடிந்துவிடும் என்பதும் அன்றைய நடைமுறைகள். மருத்துவப் படிப்புக்கு முன் முடிக்க வேண்டிய மெட்ரிகுலேசன், எஃப். ஏ. ஆகிய இரு நிலைகளும் இந்நடைமுறைகளைத் தாண்டிய வயதில் வருபவை. ஆகவே மருத்துவக் கல்லூரியின் கதவு திறந்திருந்தபோதும் அதை அடையும் வழி பெரும்பாலான பெண்களுக்கு அடைபட்டே இருந்தது.

மறுபுறம், ஆண் மருத்துவரிடம் உடலைக் காட்டத் தயங்கிய பெண்கள் பலர் நோய் முற்றும்வரை மருத்துவமனைக்குச் செல்லாமல் இருந்தனர். பெரும்பாலான பேறுகாலங்கள் வீட்டிலேயே, மருத்துவச்சிகளின் உதவியுடன் நடந்தன. பெண் மருத்துவர்களின் தேவையைக் கருதியே 1885-இல் டஃபரின் சீமாட்டி நிதியம் ஏற்படுத்தப்பட்டது. முத்துலட்சுமி பிறந்தது அதற்கு அடுத்த ஆண்டில்.

பிறப்பும் குடும்பமும்

முத்துலட்சுமி 1886-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர் புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியின் முதல்வராக இருந்தவர். தாயார் சந்திரம்மாள், கோயில்களுக்குப் பெண்களைத் தேவதாசிகளாகப் பொட்டுக்கட்டும் வழக்கம் இருந்த இசை வேளாளர் சமூகத்தைச் சேர்ந்தவர். இம்மணத்தின் காரணமாக நாராயணசாமி ஐயர் தம் உறவினர்களால் ஒதுக்கி வைக்கப்பட்டார். முத்துலட்சுமியின் உடன்பிறந்தோருள் ஒருவரான நல்லமுத்து, பின்னாளில் சென்னை குயின் மேரிஸ் கல்லூரியின் முதல் இந்திய முதல்வர் ஆனார்.

தந்தை கல்வியாளராக இருந்ததால் வீட்டில் நூல்களும் ஆங்கிலப் பயிற்சியும் கிடைத்தன. தாயின் சமூகப் பின்னணி வேறொரு வகையில் இவரைப் பாதித்தது. பிற குடும்பப் பெண்களுக்கு எழுத்தறிவு மறுக்கப்பட்டிருந்த காலத்தில் தேவதாசிப் பெண்கள் எழுதப் படிக்கவும் இசை, நாட்டியம் பயிலவும் செய்தனர். இதன் விளைவாக, படித்த பெண் என்றாலே ஐயத்துடன் நோக்கும் மனப்பான்மை பரவியிருந்தது. பெண் என்பதாலும், தாயின் குலத்தாலும் என இரு வகையான எதிர்ப்பை முத்துலட்சுமி தம் மாணவப் பருவத்தில் சந்திக்க நேர்ந்தது.

பள்ளிப் படிப்பும் வீட்டுக் கல்வியும்

சிறு வயதிலேயே படிப்பில் ஆர்வம் காட்டிய முத்துலட்சுமி ஏறத்தாழ 13 வயது வரை பள்ளியில் பயின்றார். பூப்பெய்தியதும் அக்கால வழக்கப்படி பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டார். மகளுக்கு விரைவில் திருமணம் செய்துவைக்க வேண்டும் என்பது தாயாரின் விருப்பமாக இருந்தது. முத்துலட்சுமி திருமணத்தை மறுத்து, படிப்பைத் தொடர வேண்டும் என்பதில் உறுதியாக நின்றார்.

தந்தை இதற்கு இசைந்து வீட்டிலேயே பாடம் கற்பிக்க ஏற்பாடு செய்தார். பள்ளியில் சேராதவர்களும் தனித்தேர்வர்களாக மெட்ரிகுலேசன் தேர்வு எழுதலாம் என்ற விதி இவருக்கு உதவியது. 1902-ஆம் ஆண்டு அத்தேர்வில் வெற்றி பெற்றார். அப்போது இவருக்கு வயது 16.

பள்ளிக்கு வெளியே இருந்து இத்தேர்வுக்குத் தயாராவது எளிதன்று. வரலாறு, புவியியல், கணிதம் முதலிய பாடங்களை ஆங்கில வழியில் கற்க வேண்டும். உடன் பயிலும் மாணவர்கள் இல்லை, வகுப்புத் தேர்வுகள் இல்லை. முத்துலட்சுமியின் உடல்நலமும் நன்றாக இருக்கவில்லை. இளமையில் கிட்டப்பார்வையும் அடிக்கடி நேர்ந்த நோய்களும் இவரை வருத்தின. இத்தனைக்கும் நடுவே பெற்ற வெற்றியே இவரைக் கல்லூரிக் கல்வி குறித்து எண்ணத் தூண்டியது.

மகாராஜா கல்லூரியில் சேர்தல்

மெட்ரிகுலேசனுக்குப் பின் மேற்படிப்பைத் தொடரப் புதுக்கோட்டையில் பெண்களுக்கென எந்த நிறுவனமும் இல்லை. சென்னையில்கூட குயின் மேரிஸ் கல்லூரி 1914-இலும் பெண்கள் கிறித்தவக் கல்லூரி 1915-இலும்தான் தொடங்கப்பட்டன. எனவே முத்துலட்சுமி உள்ளூரில் இருந்த ஆண்கள் கல்லூரியான மகாராஜா கல்லூரிக்கு விண்ணப்பித்தார். இக்கல்லூரி இன்று மன்னர் கல்லூரி என அழைக்கப்படுகிறது.

விண்ணப்பத்துக்குக் கடும் எதிர்ப்பு எழுந்தது. ஒரு பெண் வகுப்பில் அமர்ந்தால் மாணவர்களின் கவனம் சிதறும், ஒழுக்கம் கெடும் என்று கூறப்பட்டது. இவரது தாயின் பின்னணியும் ஒரு காரணமாகக் காட்டப்பட்டது. கல்லூரி நிர்வாகத்தினர் மட்டுமன்றி மாணவர்களின் பெற்றோரும் இதனை எதிர்த்தனர்.

அப்போது புதுக்கோட்டையை ஆண்டவர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான். மேல்நாட்டுக் கல்வியிலும் சீர்திருத்தக் கருத்துகளிலும் நாட்டம் கொண்டிருந்த மன்னர் எதிர்ப்புகளைப் பொருட்படுத்தாமல் முத்துலட்சுமியைச் சேர்த்துக்கொள்ளுமாறு ஆணையிட்டார். பின்னர் படிப்புக்கு உதவித்தொகையும் வழங்கினார். இவ்வாறு முத்துலட்சுமி 1904-இல் அக்கல்லூரியின் முதல் மாணவி ஆனார்.

சேர்க்கை கிடைத்தாலும் கட்டுப்பாடுகள் நீங்கவில்லை. மூடிய வண்டியில் கல்லூரிக்குச் சென்று வந்தார். வகுப்பறையில் மாணவர்களின் பார்வையில் படாதவாறு திரைக்குப் பின்னால் இவருக்கு இடம் ஒதுக்கப்பட்டது. ஆசிரியர் கூறுவதைக் கேட்கலாம். சக மாணவர்களுடன் கலந்து பேச வாய்ப்பில்லை. இந்த நிலையிலேயே எஃப். ஏ. எனப்பட்ட இடைநிலைக் கல்லூரிப் படிப்பை நிறைவு செய்தார்.

மருத்துவத்தைத் தேர்ந்தெடுத்தல்

எஃப். ஏ. முடித்த நிலையில் முத்துலட்சுமியின் முன் மூன்று வழிகள் இருந்தன. முதலாவது, திருமணம் செய்துகொண்டு படிப்பை நிறுத்துவது. இரண்டாவது, ஆசிரியர் பணி. படித்த பெண்களுக்கு அக்காலச் சமூகம் ஓரளவு ஏற்றுக்கொண்ட வேலை அதுவே. தந்தையும் அதனையே பரிந்துரைத்தார். மூன்றாவது, மருத்துவம். முத்துலட்சுமி மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தார்.

ஆசிரியர் பணியோடு ஒப்பிடும்போது மருத்துவம் பல வகைகளில் கடினமான தெரிவு. ஆசிரியராவதற்கு வீட்டை விட்டு நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. மருத்துவம் பயில ஐந்து ஆண்டுகள் சென்னையில் தங்க வேண்டும். புதுக்கோட்டைக்கு அப்போது இருப்புப்பாதை வந்திருக்கவில்லை. திருச்சிராப்பள்ளி வரை சாலை வழியே சென்று, அங்கிருந்தே சென்னைக்குத் தொடர்வண்டி ஏற வேண்டும். படிப்புச் செலவும் அதிகம். உடற்கூறு அறைகளிலும் நோயாளர் கூடங்களிலும் ஆண் மாணவர்களுடன் சேர்ந்து நின்று கற்க வேண்டும். திரைக்குப் பின்னால் அமர்ந்து பாடம் கேட்ட ஒரு மாணவிக்கு இது முற்றிலும் புதிய சூழலாகும்.

தாமாகச் சம்பாதித்துத் தன்னுரிமையுடன் வாழ வேண்டும் என்ற விருப்பமும், மற்றப் பெண்களின் வாழ்க்கை முறையிலிருந்து மாறுபட்ட ஒன்றை அடைய வேண்டும் என்ற வேட்கையும் இம்முடிவுக்குப் பின்னால் இருந்தன. மகளின் உறுதியைக் கண்ட தந்தை இறுதியில் இசைந்தார். மன்னரின் உதவித்தொகை செலவுச் சுமையைக் குறைத்தது.

இம்முடிவு ஒரே நாளில் எடுக்கப்பட்டதாகக் கருத இயலாது. 13 வயதில் படிப்பை விடாதிருக்க எடுத்த முடிவு, 16 வயதில் தனித்தேர்வராகப் பெற்ற வெற்றி, 18 வயதில் ஆண்கள் கல்லூரியில் சேர்ந்தது ஆகிய ஒவ்வொன்றும் அடுத்த படியைச் சாத்தியமாக்கின. இவற்றுள் ஒன்று தவறியிருந்தாலும் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் தகுதியே இவருக்கு இருந்திருக்காது. அதேபோல ஒவ்வொரு கட்டத்திலும் வேறொருவரின் துணையும் தேவைப்பட்டது. தந்தையின் கற்பித்தல், தனித்தேர்வு விதி, மன்னரின் ஆணை, உதவித்தொகை ஆகியவை இல்லாத மற்றப் பெண்களுக்கு அதே உறுதி இருந்தாலும் அதே பயன் கிட்டியிருக்காது.

சென்னை மருத்துவக் கல்லூரியில்

1907-ஆம் ஆண்டு முத்துலட்சுமி சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். அப்போது இவருக்கு வயது 21. சென்னைப் பல்கலைக்கழகம் வழங்கிய மருத்துவத் தகுதிகளுள் உயர்நிலையில் இருந்த எம். பி., சி. எம். பட்டத்துக்குப் பயின்றார். உடற்கூறியல், உடலியங்கியல், மருந்தியல், நோயியல், அறுவை மருத்துவம், மகப்பேறு மருத்துவம் ஆகியவை இப்படிப்பின் முதன்மைப் பாடங்கள்.

உடல்நலக் குறைவுகளுக்கு இடையிலும் படிப்பில் முன்னணியில் திகழ்ந்தார். பல பாடங்களில் பரிசுகளும் பதக்கங்களும் பெற்றார். மாணவப் பருவத்திலேயே சரோஜினி நாயுடுவின் அறிமுகம் கிடைத்தது. அன்னி பெசண்ட், காந்தி ஆகியோரின் கருத்துகளும் இவரை ஈர்த்தன. 1912-இல் பட்டம் பெற்றார்.

பட்டம் பெற்றபின் எழும்பூரில் இருந்த அரசு மகளிர் குழந்தைகள் மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராகப் பணியாற்றினார். அப்பொறுப்பில் அமர்ந்த முதல் பெண் இவர் எனக் கருதப்படுகிறது. பின்னர் சென்னையில் தனியாக மருத்துவத் தொழில் செய்யத் தொடங்கினார்.

முதல் பெண் மருத்துவரா?

முத்துலட்சுமி ரெட்டியை இந்தியாவின் முதல் பெண் மருத்துவர் எனச் சில நூல்களும் இதழ்களும் குறிப்பிடுகின்றன. இது சரியன்று. இவர் பிறந்த 1886-ஆம் ஆண்டிலேயே மராட்டியத்தைச் சேர்ந்த ஆனந்திபாய் ஜோஷி அமெரிக்காவின் பென்சில்வேனியா பெண்கள் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். அதே ஆண்டு கல்கத்தாவில் காதம்பினி கங்கூலி மருத்துவத் தகுதி பெற்றார். சென்னை மருத்துவக் கல்லூரியிலும் இவருக்கு முன் பெண்கள் பயின்றுள்ளனர். தமிழகத்திலிருந்து தோன்றிய தொடக்ககாலப் பெண் மருத்துவர்களுள் ஒருவர் என்று இவரைக் குறிப்பிடுவதே பொருத்தமாகும்.

திருமணம்

1914-ஆம் ஆண்டு மருத்துவர் சுந்தர ரெட்டியை மணந்தார். தம்மைச் சமமாக மதிக்க வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்ற நிபந்தனைகளை ஏற்ற பின்னரே இம்மணத்துக்கு இசைந்தார். 13 வயதில் தட்டிக்கழித்த திருமணத்தை 28-ஆம் அகவையில், தொழில் ஒன்றில் காலூன்றிய பின், தாமே விதித்த நிபந்தனைகளோடு ஏற்றார் என்பது குறிப்பிடத்தக்கது. இத்தம்பதியருக்கு ராம்மோகன், கிருஷ்ணமூர்த்தி என இரு மகன்கள். இளையவரான கிருஷ்ணமூர்த்தி பின்னாளில் புற்றுநோய் மருத்துவராகப் புகழ்பெற்றார்.

சட்டமன்றப் பணிகள்

1917-இல் சென்னை அடையாறில் தொடங்கப்பட்ட இந்திய மாதர் சங்கத்தில் முத்துலட்சுமி தொடக்க காலம் முதலே பணியாற்றினார். 1925-இல் பெண்கள், குழந்தைகள் நோய்கள் குறித்த உயர்பயிற்சிக்காக இங்கிலாந்து சென்றார். 1926-இல் பாரிஸ் நகரில் நடைபெற்ற உலகப் பெண்கள் மாநாட்டில் கலந்துகொண்டார்.

நாடு திரும்பியபின் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்கு நியமிக்கப்பட்டார். 1927-இல் அதன் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். மருத்துவத் தொழிலை விட்டு விலக நேரும் என்பதால் தொடக்கத்தில் இவர் இப்பொறுப்பை ஏற்கத் தயங்கினார். மன்றத்தில் இவர் எடுத்துக்கொண்ட பொருள்களில் பல, மருத்துவராகத் தாம் கண்டவற்றோடு தொடர்புடையவை. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மருத்துவ வசதி, பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் பரிசோதனை, பெண்களின் திருமண வயதை உயர்த்துதல் ஆகியவற்றை வலியுறுத்தினார்.

திருமண வயது பற்றிய கோரிக்கைக்குக் கல்வியோடும் நேரடித் தொடர்பு உண்டு. பதின்பருவத் தொடக்கத்திலேயே மணம் முடிந்துவிட்டால் உயர்நிலைப் பள்ளியைக்கூடப் பெண்கள் எட்ட இயலாது. நாடு தழுவிய முயற்சிகளின் விளைவாக 1929-இல் சாரதா சட்டம் எனப்படும் குழந்தைத் திருமணத் தடைச் சட்டம் நிறைவேறியது. அச்சட்டம் பெண்களுக்குக் குறைந்தபட்சத் திருமண வயதை 14 எனவும் ஆண்களுக்கு 18 எனவும் வரையறுத்தது.

தேவதாசி முறை ஒழிப்பு இவரது முதன்மையான சட்டமன்றப் பணியாகும். 1927-இல் இதற்கான தீர்மானத்தைக் கொண்டுவந்தார். கோயில் பணிக்கு ஈடாக வழங்கப்பட்ட இனாம் நிலங்களைத் தேவதாசிகளே வைத்துக்கொள்ள வழிசெய்யும் சட்டத் திருத்தம் 1929-இல் நிறைவேறியது. பொட்டுக்கட்டுதலைத் தடுக்கும் முயற்சிக்கு சத்தியமூர்த்தி போன்ற அரசியல் தலைவர்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். பெங்களூர் நாகரத்தினம்மாள் முதலிய தேவதாசிகள் தங்கள் கலையும் வாழ்வுரிமையும் பாதிக்கப்படும் எனக் கூறி எதிர்த்தனர். மறுபுறம், மாயவரம் பகுதியைச் சேர்ந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் காவிரிப் படுகையின் ஊர்தோறும் சென்று ஒழிப்புக்கு ஆதரவாகப் பரப்புரை செய்தார். பெரியார் ஈ. வெ. இராமசாமியும் ஆதரித்தார். இம்முறையை முற்றாகத் தடை செய்யும் சட்டம் 1947-இல் நிறைவேறியது.

1930-இல் உப்புச் சத்தியாகிரகத்தை அடுத்துக் காந்தி கைது செய்யப்பட்டதைக் கண்டித்துச் சட்டமன்றப் பொறுப்பிலிருந்து விலகினார்.

அவ்வை இல்லம்

பொட்டுக்கட்டும் வழக்கத்திலிருந்து தப்பிவந்த சிறுமியர் சிலர் 1930-இல் முத்துலட்சுமியின் உதவியை நாடினர். அவர்களைச் சேர்த்துக்கொள்ள அன்றிருந்த மாணவியர் விடுதிகள் முன்வரவில்லை. குலத்தின் பெயரால் கல்லூரிச் சேர்க்கை மறுக்கப்படும் நிலையைத் தாமே சந்தித்திருந்த முத்துலட்சுமி அச்சிறுமியரைத் தம் வீட்டிலேயே தங்கவைத்துப் படிக்க வைத்தார். இதுவே அவ்வை இல்லத்தின் தொடக்கமாகும்.

பின்னர் இந்நிறுவனம் அடையாறில் நிலையான இடம் பெற்று வளர்ந்தது. ஆதரவற்ற பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் சாதி வேறுபாடின்றி உறைவிடமும் கல்வியும் அளித்தது. தொழிற்பயிற்சியும் வழங்கப்பட்டது. புகலிடம் அளிப்பதோடு நின்றுவிடாமல், சொந்தக் காலில் நிற்பதற்கான தொழில் ஒன்றுக்குப் பெண்களைத் தயார் செய்வது இதன் நோக்கமாக இருந்தது.

புற்றுநோய் மருத்துவமனை

முத்துலட்சுமியின் தங்கை ஒருவர் இளம் வயதில் புற்றுநோயால் உயிரிழந்தார். நோய் சரியாகக் கண்டறியப்படாததால் தொடக்கத்தில் உரிய மருத்துவம் கிடைக்கவில்லை. இங்கிலாந்தில் இருந்தபோது அங்குள்ள புற்றுநோய் மருத்துவமனையைப் பார்வையிட்ட முத்துலட்சுமி, அத்தகைய ஒன்றைச் சென்னையில் அமைக்க வேண்டும் என எண்ணினார்.

எண்ணம் ஈடேற இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. புற்றுநோய்க்கு மருத்துவம் பார்த்துப் பயனில்லை என்ற கருத்து அரசு வட்டாரங்களிலும் நிலவியது. மாதர் சங்கத்தின் துணையுடன் நிதி திரட்டினார். 1952-ஆம் ஆண்டு அக்டோபர் 10-ஆம் நாள் பிரதமர் ஜவகர்லால் நேரு மருத்துவமனைக்கு அடிக்கல் நாட்டினார். 1954-ஆம் ஆண்டு ஜூன் 18-ஆம் நாள் 12 படுக்கைகளுடன் மருத்துவமனை செயல்படத் தொடங்கியது.

மகன் கிருஷ்ணமூர்த்தியும் 1955-இல் பணியில் சேர்ந்த மருத்துவர் வி. சாந்தாவும் இந்நிறுவனத்தை நாட்டின் முன்னணிப் புற்றுநோய் மருத்துவமனைகளுள் ஒன்றாக வளர்த்தெடுத்தனர். கிருஷ்ணமூர்த்தி 2010-இலும் சாந்தா 2021-இலும் காலமாயினர்.

நூல்களும் விருதும்

சட்டமன்ற அனுபவங்களை 1930-இல் ஆங்கிலத்தில் நூலாக வெளியிட்டார். இவரது தன்வரலாறு 1964-இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. புதுக்கோட்டைக் கல்லூரி நாட்கள், மருத்துவப் படிப்பு ஆகியவை பற்றி அறிய இந்நூல் முதன்மையான ஆதாரமாக விளங்குகிறது. மாதர் சங்கத்தின் ஸ்திரீ தர்மம் இதழின் ஆசிரியராகவும் பணியாற்றினார்.

1956-இல் இந்திய அரசு இவருக்குப் பத்ம பூசண் விருது வழங்கியது. 1968-ஆம் ஆண்டு ஜூலை 22-ஆம் நாள், தமது 82-ஆம் பிறந்த நாளுக்கு எட்டு நாட்களே இருந்த நிலையில், சென்னையில் காலமானார்.

பிற்காலத்தில் காவிரிப் படுகையில் மருத்துவக் கல்வி

முத்துலட்சுமி பட்டம் பெற்று ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்த பின்னரே காவிரிப் படுகையில் மருத்துவக் கல்லூரி அமைந்தது. 1959-இல் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. 2010-இல் திருவாரூரிலும் 2022-இல் நாகப்பட்டினத்திலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் ஏற்பட்டன. பிரெஞ்சு ஆட்சியிலிருந்து 1954-இல் விடுபட்டுப் புதுச்சேரி ஒன்றியப் பகுதியின் ஒரு பிரிவாக விளங்கும் காரைக்காலில், 2016-இல் ஜிப்மர் நிறுவனத்தின் கிளை தொடங்கப்பட்டது. முத்துலட்சுமியின் சொந்த ஊரான புதுக்கோட்டையில் அரசு மருத்துவக் கல்லூரி 2017-இல் திறக்கப்பட்டது. மருத்துவம் பயில விரும்பிய ஒரு பெண் 1907-இல் சென்னை வரை செல்ல வேண்டியிருந்த இப்பகுதியில், இன்று மாணவியர் தம் மாவட்டத்திலேயே அப்படிப்பை மேற்கொள்ள இயலும்.

நினைவு

தமிழக அரசு ஏழைக் கர்ப்பிணிப் பெண்களுக்கு வழங்கும் நிதியுதவித் திட்டத்துக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் எனப் பெயரிடப்பட்டுள்ளது. 2006-இல் 6,000 ரூபாயாக இருந்த உதவித்தொகை 2011-இல் 12,000 ரூபாயாகவும் 2018-இல் 18,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. இவரது பிறந்த நாளான ஜூலை 30-ஐ ஆண்டுதோறும் மருத்துவமனை நாளாகக் கடைப்பிடிக்கத் தமிழக அரசு 2019-இல் முடிவு செய்தது.